கொள்கலன் செயலிகளும் தரவுச் சேமிப்பும்

நுழையும்முன்

நின்றுபோன செயலியை மீண்டும் இயக்கிவிடலாம். அழிந்துபோன தரவை அவ்வாறு மீட்க இயலாது. இன்றைய இணையச் செயலிகள் பல, வேண்டும்போது உருவாக்கப்பட்டுத் தேவை தீர்ந்ததும் நீக்கப்படும் கொள்கலன்களுக்குள் இயங்குகின்றன. கலன் நீக்கப்படும்போது அதிலிருந்த தரவு என்னவாகிறது என்பதையும், அதனை வைப்பதற்குரிய இடத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

பெயரின் கதை

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 உலோகப் பெட்டிகளுடன் ஹூஸ்டன் நகரை நோக்கிப் புறப்பட்டது. சரக்குந்துத் தொழில் நடத்திவந்த மால்கம் மெக்லீன் என்பவரின் திட்டம் அது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கப்பட்டுவந்த சரக்கு, பெட்டிக்குள் அடைக்கப்பட்டுப் பெட்டியோடு சரக்குந்திலிருந்து கப்பலுக்கு மாறியது. உள்ளே இருப்பது இன்னதென்று கப்பலோ பாரந்தூக்கியோ அறிய வேண்டியதில்லை.

மென்பொருள் உலகிலும் இத்தகைய தேவை இருந்தது. ஒரு செயலி இயங்குவதற்கு அதன் நிரல் மட்டும் போதாது. துணை நிரல்கள், அவற்றின் உரிய பதிப்புகள், அமைப்புக் கோப்புகள் எனப் பலவும் வேண்டும். எழுதியவரின் கணினியில் நன்றாக இயங்கிய செயலி சேவையகத்தில் ஏற்றியதும் இயங்க மறுப்பது நிரலர்களின் நெடுநாள் துன்பமாகும். செயலியையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, எங்கும் ஒரே வகையில் இயக்கும் முறை இத்துன்பத்தைப் பெரிதும் குறைத்தது. இதற்கான அடிப்படை வசதிகள் லினக்ஸ் இயக்க அமைப்பில் முன்பே இருந்தன. 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள் அவற்றை எளிமையாக்கிப் பரவச் செய்தது.

கொள்கலன் என்னும் பெயர் பொருத்தமானதே. எனினும் ஓரிடத்தில் உவமை பிறழ்கிறது. கப்பலில் செல்லும் கொள்கலனில் விலைமதிப்புடையது உள்ளே இருக்கும் சரக்கு. கணினிக் கொள்கலனிலோ, இழக்கக் கூடாத எதனையும் உள்ளே வைத்தல் ஆகாது. புதிதாகப் பயில்வோர் பலர் இடறுவது இங்கேதான்.

கலனுக்குள் எழுதினால்

கொள்கலன் ஒன்று ‘படிமம்’ எனப்படும் அச்சிலிருந்து உருவாகிறது. படிமம் பல அடுக்குகளைக் கொண்டது; அவற்றைப் படிக்கலாம், மாற்ற இயலாது. கொள்கலன் உருவாகும்போது அவ்வடுக்குகளின்மேல் எழுதத்தக்க மெல்லிய அடுக்கு ஒன்று சேர்க்கப்படுகிறது. செயலி புதிதாக எழுதுவன யாவும் இம்மேலடுக்கில் பதிகின்றன. கீழடுக்கிலுள்ள கோப்பைத் திருத்த வேண்டுமாயின், முதலில் அதன் நகல் மேலடுக்குக்கு வந்து, பின்னர் அந்நகலே திருத்தப்படுகிறது. ஒரே படிமத்திலிருந்து நூறு கொள்கலன்களை உருவாக்கினாலும் கீழடுக்குகள் ஒருமுறை மட்டுமே வட்டில் இடம்பெறுவதால் இடம் மிச்சமாகிறது. கொள்கலனை நீக்கினால், மேலடுக்கும் அதனுடன் நீங்குகிறது.

பள்ளி நூலகம் ஒன்றின் இரவல் பதிவுச் செயலியை எடுத்துக்கொள்வோம். எந்த மாணவர் எந்நூலை என்று பெற்றார் என்னும் தரவு, தரவுத்தளக் கொள்கலனின் மேலடுக்கில் எழுதப்படுவதாகக் கொள்க. மின்சாரம் தடைப்பட்டுக் கணினி மீண்டும் இயங்கியதும் கொள்கலனைத் தொடக்கினால் பதிவுகள் அப்படியே இருக்கும். ஏனெனில் கொள்கலன் நின்றதே அன்றி நீக்கப்படவில்லை. இதனைக் கண்டவர் தரவு பாதுகாப்பாக உள்ளதென நம்பிவிடுவார். சில மாதங்களுக்குப்பின் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்ற வேண்டிவரும். கொள்கலன் முறையில் பதிப்பை மாற்றுவது என்பது பழைய கலனை நீக்கிவிட்டுப் புதிய படிமத்திலிருந்து வேறொன்றை உருவாக்குவதே. பிழையேதும் காட்டாமல் புதிய கலன் இயங்கத் தொடங்கும். இரவல் பதிவேடு வெறுமையாக இருக்கும். மின்தடைக்குத் தப்பிய தரவு வழக்கமான பராமரிப்புப் பணியில் அழிந்துபோகிறது.

வெளியே வைப்பதற்கான இடங்கள்

ஆகவே தரவைக் கொள்கலனுக்கு வெளியே வைத்து, கலனுக்குள் ஒரு கோப்புறையாகத் தோன்றுமாறு இணைக்கின்றனர். எங்கே வைப்பது என்பதற்கு, அத்தரவு எவ்வளவு காலம் வாழ வேண்டும் என்பதே முதல் அளவுகோல்.

சில நொடிகளே தேவைப்படும் தற்காலிகக் கோப்புகளையும், வட்டில் பதியக் கூடாத கடவுச்சொற்களையும் கணினியின் நினைவகத்தில் வைக்கலாம். கலன் நின்றதும் அவை மறைந்துவிடும். இங்கு மறைவதே நன்மை.

கணினியில் ஏற்கெனவே உள்ள கோப்புறை ஒன்றை அப்படியே இணைப்பது மற்றொரு முறை. இதனைப் ‘பைண்ட் மவுண்ட்’ என வழங்குவர். நிரலர் தம் கணினியில் திருத்தும் நிரல் உடனுக்குடன் கலனுக்குள் தெரிய வேண்டுமாயின் இதைவிட ஏற்றது இல்லை. அமைப்புக் கோப்புகளைப் படிக்க மட்டும் இசைவளித்து இவ்வாறு இணைப்பதும் உண்டு. ஆனால் கலன் அக்கணினியின் கோப்புறை அமைப்பையும் பயனர் உரிமைகளையும் சார்ந்ததாகிவிடுகிறது. வெறுமையான கோப்புறையை இணைத்தால், படிமத்தில் அவ்விடத்தில் இருந்த கோப்புகள் கலனுக்குள் தெரியாமல் மறைக்கப்படும்.

நெடுங்காலம் காக்க வேண்டிய தரவுக்கு உரியது, டாக்கரே பேணும் ‘வால்யூம்’ என்னும் சேமிப்புத் தொகுதி. இதன் வாழ்நாள் கொள்கலனின் வாழ்நாளைச் சார்ந்ததன்று. பழைய கலனை நீக்கிப் புதிய கலனை உருவாக்கி அதே தொகுதியை இணைத்தால் இரவல் பதிவுகள் முன்போலவே கிடைக்கும். வெறுமையான புதிய தொகுதியை இணைக்கும்போது, படிமத்தில் அவ்விடத்தில் உள்ள கோப்புகளை டாக்கர் அதனுள் நகலெடுத்துவிடும் என்பது ஒரு கூடுதல் வசதி.

தொகுதிக்குப் பெயரிட மறத்தல் கூடாது. தரவுத்தளப் படிமங்கள் சில, பயனர் எதுவும் குறிப்பிடாவிடினும் தாமாகவே தொகுதி ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதன் பெயர் பொருளற்ற நீண்ட எழுத்துக்கோவையாக இருக்கும். பழைய கலனை நீக்கிப் புதிய கலனை உருவாக்கினால் அது இன்னொரு புதிய தொகுதியைப் பற்றிக்கொள்ளும். பழைய தரவு வட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும். வட்டு நிறைந்துவிட்டதென்று, பயன்படாத தொகுதிகளை நீக்கும் கட்டளையை எவரேனும் இட்டால் அதுவும் போய்விடும்.

கணினிகள் பலவாகும்போது

கூகுள் நிறுவனம் 2014இல் திறந்த மூலமாக அறிவித்த குபர்நெட்டீஸ் போன்ற மேலாண்மை மென்பொருள்கள், கொள்கலன்களைப் பல கணினிகளில் பரப்பி இயக்குகின்றன. ஒரு கணினி பழுதுற்றால் செயலி வேறொன்றில் மீண்டும் உருவாக்கப்படும். ஆனால் முதற்கணினியின் வட்டில் இருக்கும் தொகுதி அதன்பின் தானாகச் செல்லாது. எனவே தரவை வலையமைப்பு வழியே அடையத்தக்க சேமிப்பகத்தில் வைக்க வேண்டியுள்ளது.

இங்கே இரண்டாம் அளவுகோல் எழுகிறது: எழுதுவோர் எத்தனை பேர்? மாணவர் பதிவேற்றும் படங்களைப் பல கணினிகளில் உள்ள கலன்கள் ஒருங்கே படிக்கவும் எழுதவும் வேண்டுமாயின், பகிர்வுக் கோப்புச் சேமிப்பகம் ஏற்றது. தரவுத்தளத்துக்கு அது பெரும்பாலும் ஏற்றதன்று. தரவுத்தளம் விரைவான எழுத்தையும் நம்பத்தக்க கோப்புப் பூட்டுகளையும் எதிர்பார்க்கிறது; ஒரே கோப்புகளில் இரு தரவுத்தளங்கள் ஒருங்கே எழுதினால் தரவு சிதையும். ஒரு நேரத்தில் ஒரே கணினியில் மட்டும் இணையும் வட்டே அதற்குப் பாதுகாப்பு.

குபர்நெட்டீஸில் செயலிக்கு வேண்டிய இடத்தைக் ‘கோரிக்கை’ ஒன்றன்வழி பெறுகின்றனர். கோரிக்கை நீக்கப்பட்டால் அதற்கென உருவான சேமிப்பு என்னவாகும்? தானியங்கு முறையில் உருவாகும் சேமிப்புக்கு, வேறு குறிப்பு இல்லையெனில், ‘நீக்கு’ என்பதே விதி. ‘வைத்திரு’ என வேண்டுவோர் அதனைத் தாமே தெரிவுசெய்ய வேண்டும். இழக்கக் கூடாத தரவை வைத்திருப்போர் இவ்விதியை முதல் நாளே பார்த்தல் நன்று.

தொகுதி காப்பு நகல் ஆகாது

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது கொள்கலன் பிழையன்று. ஆயினும் இங்கு அறியத்தக்கது. துணைச் சேவையகத்தின் தரவுக் கோப்புறையை நீக்க எண்ணிய பொறியாளர் ஒருவர், தவறுதலாக முதன்மைச் சேவையகத்தில் அக்கட்டளையை இட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியபோதும், ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியது. அன்றாடக் காப்பு நகல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நகலெடுக்கும் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால் நகலெடுப்பு தோற்றுவந்திருக்கிறது. அதனைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்குமுன் வேறொரு தேவைக்காக எடுத்த நகல் ஒன்றிலிருந்தே தளம் மீண்டது. இடைப்பட்ட பதிவுகள் மீளவில்லை. நிறுவனம் இவை அனைத்தையும் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது.

பெயரிட்ட தொகுதியும் இத்தகைய கட்டளைக்குத் தப்பாது. காப்பு நகல் வேறொரு கணினியில் இருத்தல் வேண்டும். இயங்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை வெறுமனே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையும் நகலாகும். எனவே தரவுத்தளத்துக்கென உள்ள கருவியைக்கொண்டே நகலெடுப்பர். அந்நகலிலிருந்து தரவைப் புதிய கலன் ஒன்றில் மீட்டுப் பார்த்த பின்னரே அதனை நகலெனக் கொள்வர்.

கற்பவை கற்றபின்

பள்ளி நூலகச் செயலியில் இரவல் பதிவுகள், நூல் அட்டைப் படங்கள், அமைப்புக் கோப்பு, தேடலின்போது உருவாகும் தற்காலிகக் கோப்புகள் ஆகியன உள்ளன. ஒவ்வொன்றையும் எங்கே வைக்கலாம், கொள்கலனை நீக்கினால் எது எஞ்சும் என்பதைக் குழுவாகக் கலந்துரையாடிக் காரணத்துடன் எழுதுக.