செக்சம்மை மட்டும் திருத்துங்கள்

ஃபஸ்ஸிங்குக்குப் பெரிய சர்வர் வாங்கித் தரவில்லையே என்று முதலாளியைத் திட்டுவதை நிறுத்துங்கள். செம்பூரில் என் வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில்தான் எங்கள் குழு தவறவிட்ட பிழை சிக்கியது. உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும்.

என்பிசிஐ, விசா, மாஸ்டர்கார்டு எல்லாம் சேர்ந்து 2017-ல் கொண்டுவந்த பாரத் கியூஆரைப் படிக்கும் சி++ நிரலைச் சோதிப்பது வேலை. மாதிரிகளைத் தாராவி 90 அடி சாலைக் கடைகளில் ஸ்கேன் செய்துகொண்டேன். (சாதாரண யூபிஐ ஸ்டிக்கர் உதவாது, 000201 என்று தொடங்குவதுதான் வேண்டும்.) ஏஎஃப்எல்++ நிறுவுவது, ஏசானோடு கம்பைல் செய்வதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பாரத் கியூஆரில் ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு இலக்க அடையாளம், இரண்டு இலக்க நீளம், பிறகு மதிப்பு. கடைசியில் 6304, அதையடுத்து நான்கெழுத்து சிஆர்சி செக்சம். சிஆர்சி பொருந்தாவிட்டால் நிரல் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். குருட்டாம்போக்கில் பொருந்துவதற்கு 65,536-ல் ஒரு வாய்ப்பு. சிஆர்சியைத் திருத்திக் கொடுக்கும் கஸ்டம் மியூட்டேட்டர் தேவைப்பட்டது இதற்குத்தான்.

மாட்டுங்கா அலுவலகத்தில் எங்கள் குழுத் தலைவர் அதோடு விடவில்லை. "நம்ம மியூட்டேட்டர் ஓடினா போதும், கண்டமேனிக்குக் கலைக்கிற ஹேவாக் எதுக்கு?" என்று 'கஸ்டம் மியூட்டேட்டர் ஒன்லி' அமைப்பைப் போடச் சொன்னார். மதிப்பு மாறினால் நீளத்தையும் ஒழுங்காகத் திருத்தி எழுதும் மியூட்டேட்டர் அது. கவரேஜ் கொஞ்சம் ஏறி, அப்படியே நின்றது. கிராஷ் ஒன்றுகூட இல்லை. வேகம் போதவில்லை என்று பைத்தானில் இருந்ததைச் சி-யில் எழுதவைத்தார். வேகம் கூடியது, வேறெதுவும் கூடவில்லை. தப்பே செய்யாத உள்ளீட்டை எத்தனை வேகமாகக் கொடுத்தால்தான் என்ன? நிரல் பத்திரமானது என்று அறிக்கைகூடத் தயாராகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்த அமைப்பை எடுத்துவிட்டேன். ஃபஸ் ஃபங்ஷனையே தூக்கிவிட்டு, போஸ்ட் பிராசஸ் ஒன்றை மட்டும் வைத்தேன். அது சிஆர்சியைத் தவிர எதையும் தொடாது. ஹேவாக் கலைத்ததெல்லாம் அதன் வழியாகத்தான் நிரலுக்குள் போகும். 05 என்றிருந்த நீளத்தை ஹேவாக் 95 ஆக்கியது, சிஆர்சி சரியாக இருந்தது, நிரல் அதை நம்பி பஃபரைத் தாண்டிப் படித்தது. அன்றிரவே ஏசான் கத்திவிட்டது. புதிய அறிக்கையிலும் தலைவர் பெயர்தான் முதலில் இருக்கிறது, போகட்டும்.

நீங்கள் போஸ்ட் பிராசஸ் எழுதும்போது சிஆர்சியின் தொடக்க மதிப்பு எஃப்எஃப்எஃப்எஃப், பல்லுறுப்பு 1021. 6304 என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஹேவாக் அதை அழித்திருந்தால் நீங்களே கடைசியில் ஒட்டிவிடுங்கள். நீளத்தை மட்டும் தொடாதீர்கள், யார் சொன்னாலும்.