ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

வாரத்தில் ஆறு நாள் வேலை. ஒரு நாள் ஓய்வு. அந்த நாளிலும் துணி துவைக்க வேண்டும். கடைக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்ததும் பிள்ளைகள் கேட்பார்கள்: “எங்கேயாவது போகலாமா?”

“அதற்கெல்லாம் பணம் எங்கே இருக்கிறது?” என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதிகச் செலவில்லாமல் பார்க்கக்கூடிய இடங்கள் பெங்களூரில் பல உண்டு. தொம்மலூரில் இருப்பவர்கள் எங்கெல்லாம் போகலாம்? பார்ப்போம்.

நடந்து போகும் தூரத்தில்

தொம்மலூரிலேயே ஒரு பழைய கோயில் இருக்கிறது. சொக்கநாத சுவாமி கோயில் என்று பெயர். மதுரையில் சொக்கநாதர் என்றால் சிவன். இங்கே சொக்கநாதர் என்றால் பெருமாள். சொக்கன் என்ற சொல்லுக்கு அழகன் என்று பொருள்.

இது சோழர் காலக் கோயில் என்கிறார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சோழர்கள் இந்தப் பகுதியைப் பிடித்தார்கள். பிறகு போசள மன்னர்கள் ஆண்டார்கள். அதன் பின் விசயநகர மன்னர்கள் ஆண்டார்கள்.

இந்தக் கோயிலுக்குத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் நம் ஊருக்குத் தொம்பலூர் என்று பெயர். தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் ஒரு பெயர் இருந்தது. 1270-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று ஒரு செய்தியைச் சொல்கிறது. அழகியார் என்பவர் கோயில் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்களைக் கொடுத்தாராம். தலைக்காட்டார் என்பவரும் அவர் மனைவியும் நிலம் கொடுத்ததை இன்னொரு கல்வெட்டு சொல்கிறது.

கெம்பெகவுடா பெங்களூர்க் கோட்டையைக் கட்டியது 1537-இல். அதற்கு முன்பே நம் தொம்மலூர் ஓர் ஊராக இருந்தது!

தாயும் மகளும்

ஒரு தாயும் மகளும் இந்தக் கோயிலுக்குப் போனார்கள். தாய் வீட்டு வேலை செய்பவர். இப்போதுதான் தமிழ் படிக்கக் கற்றார். மகள் கன்னடப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும். படிக்கத் தெரியாது.

“அம்மா, கல்லில் இருப்பது என்ன எழுத்து?”

“தமிழ் கண்ணு.”

“உனக்குப் படிக்க வருமா?”

“இது பழைய எழுத்து. முழுதும் வராது. இரு, பார்க்கிறேன். இதோ, இது ‘ட’. இது ‘ப’. அங்கே பார், ‘ம’.”

“இந்தக் காலத்து எழுத்து மாதிரியே இருக்கிறதே!”

“ஆமாம். வீட்டுக்குப் போனதும் உனக்கு எழுதிக் காட்டுகிறேன். கோயில் பலகையில் கன்னடத்தில் எழுதியிருக்கிறதே, அதை நீ எனக்குப் படித்துச் சொல்லு.”

பழைய கல்வெட்டுகளைப் படிப்பது சற்றுக் கடினம். அவற்றில் பெரும்பாலும் எழுத்தின் மேல் புள்ளி வைக்கமாட்டார்கள். ‘ம்’ என்பதையும் ‘ம’ என்றே வெட்டியிருப்பார்கள். சில எழுத்துகளின் வடிவமும் மாறிவிட்டது. ஆனாலும் பல எழுத்துகளை நாம் அடையாளம் காணலாம்.

பி. எல். ரைஸ் என்ற அறிஞர் இந்தப் பகுதிக் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். 1905-இல் அவை புத்தகமாக வந்தன. அழகியார் கொடுத்த நிலைக்கால்களைப் பற்றி இன்றும் நாம் பேசுகிறோம். எழுதி வைத்ததால்தான் அது நமக்குத் தெரிகிறது.

கல்வெட்டின் மேல் எண்ணெய் தடவக் கூடாது. சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. பெயர் கிறுக்கக் கூடாது. எழுத்து அழிந்தால் செய்தியும் அழிந்துவிடும்.

பேருந்தில் போகும் தூரத்தில்

கப்பன் பூங்கா: இது 1870-இல் அமைக்கப்பட்டது. பெரிய மரங்கள், புல்வெளி, மூங்கில் புதர்கள் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை.  பக்கத்தில் சிவப்பு நிறத்தில் உயர் நீதிமன்றம் தெரியும். விசுவேசுவரய்யா அறிவியல் அருங்காட்சியகமும் அருகில்தான். அங்கே இயந்திரங்கள் எப்படி ஓடுகின்றன என்று பிள்ளைகள் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு.

லால்பாக்: ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம் இது. பரப்பு 240 ஏக்கர். இங்குள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் காட்சி நடக்கும். தோட்டத்துக்குள் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். அதன் மேல் கெம்பெகவுடா கோபுரம் ஒன்று நிற்கிறது.

விமான அருங்காட்சியகம்: பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். நிறுவனம் 2001-இல் இதைத் திறந்தது. விமானங்களை அருகில் நின்று பார்க்கலாம்.

புறப்படும் முன்

கர்நாடகத்தில் வசிக்கும் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம். இதற்குச் சக்தித் திட்டம் என்று பெயர். இது 2023 ஜூன் 11 அன்று தொடங்கியது. அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். குளிர்சாதனப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது.

பேருந்துப் பலகையில் ஊர்ப் பெயர் கன்னடத்தில் இருக்கும். எண்ணை நாமே படிக்கலாம். ஏறும் முன் எண்ணைப் பாருங்கள். நடத்துநரிடமும் ஒரு முறை கேளுங்கள்.

வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள். திறக்கும் நேரம் என்ன? பெரியவருக்கு எவ்வளவு? பிள்ளைகளுக்கு எவ்வளவு? விடுமுறை எந்த நாள்? பன்னர்கட்டா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இது தெரியாமல் போனால் பேருந்துச் செலவும் ஒரு நாள் ஓய்வும் வீண்.

குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால் அது உதவும்.

பேசுவோம்

1. உங்கள் குடும்பம் கடைசியாகச் சேர்ந்து போன இடம் எது?
2. உங்கள் பகுதியில் பழைய கோயில், ஏரி, மசூதி, தேவாலயம் உண்டா? அதைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்.

கணக்குப் போடுவோம்

அழகியார் நிலைக்கால் கொடுத்தது 1270-இல். பெங்களூர்க் கோட்டை கட்டியது 1537-இல். இடையே எத்தனை ஆண்டுகள்?

செய்வோம்

ஒரு தாளில் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். அதே பெயர்களைப் பக்கத்தில் கன்னடத்தில் எழுதப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் ஐந்து கன்னட எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஐந்து தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொள்ளட்டும்.