டெய்லராக இருந்து லைன் சூப்பர்வைசர் ஆன தோழிகளுக்கு…

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பிளாட்லாக் ஓட்டிக்கொண்டிருந்தவரைத் திடீரென்று ஒருநாள் கூப்பிட்டு, "நாளையில இருந்து இந்த லைனை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். தையல் உங்களுக்குத் தெரியும். மற்றதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தைக் கிழித்து, யார் எந்த மெஷின், என்ன வேலை என்று எழுதி வையுங்க. பக்கத்திலேயே அவருக்கு வேறென்ன தைக்கத் தெரியும் என்பதையும் குறிச்சிடுங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் போனவர்களில் நாலு பேர் திங்கட்கிழமை வராதபோது, யாரை எங்கே மாற்றி உட்கார வைப்பது என்று அந்த அட்டை சொல்லும்.

2. டார்கெட்டைக் கேட்டதும் தலையாட்டாதீங்க, கணக்குப் போடுங்க. ஒரு டி-ஷர்ட்டுக்கு மொத்தத் தையல் நேரம் 6 நிமிஷம், லைனில் 20 டெய்லர், ஷிப்டுக்கு 480 நிமிஷம் என்றால் 480 × 20 ÷ 6 = 1,600 பீஸ். இது தாளில் வரும் கணக்குதான்; புது ஸ்டைல் இறங்கிய முதல் நாள் இதில் பாதி வந்தாலே சந்தோஷப்படலாம். இன்சார்ஜிடம் வாயால் வாதாடுவதைவிட இந்த ஒரு வரியை எழுதிக் காட்டுவது மேல்.

3. எந்த மெஷின் முன்னால் பீஸ் குவிகிறதோ அங்கே போய் நில்லுங்க. அதற்கு முன்னால் இருப்பவரை விரட்டினால் குவியல்தான் ஏறும். நெக் ரிப்பில் தேங்குகிறதா? ஒரு ஹெல்பரை உட்கார வைத்து, ரிப்பையும் கழுத்தையும் நாலாக மடித்துக் குறி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. டெய்லர் அளந்து பார்க்கும் நேரம் மிச்சம், சுருக்கமும் விழாது.

4. ராத்திரி கிளம்பும்போது பிரஷர் ஃபுட் அடியில் வேஸ்ட் துணி ஒன்றை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்க. காலையில் அதே துணியில் கொஞ்சம் ஓட்டிவிட்டு அப்புறம் பீஸை எடுத்தால் எண்ணெய்க் கறை படியாது. கறை எடுக்கிற வேலை எவ்வளவு இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

5. புது ஸ்டைலின் முதல் ஐந்து பீஸை சீல் சாம்பிள் மேல் போட்டு நீங்களே டேப் வைத்து அளந்துடுங்க. ஐந்தைப் பிரிக்க அரை மணி நேரம் போதும்; ஐந்நூறைப் பிரிக்க ஞாயிற்றுக்கிழமை போயிடும்.

6. ஆல்டர் பீஸ்கள் (குறையோடு திருத்த வந்தவை) மூட்டையாகத் திரும்பி வந்தால் உடனே யாரையும் கூப்பிடாதீங்க. குறைவாரியாகப் பிரித்துப் போடுங்க: தையல் விட்டது, ஓட்டை, அளவுக் குறை, கறை. பெரும்பாலும் இரண்டு குவியல்தான் பெரிசா நிற்கும், அதுவும் ஒன்றிரண்டு மெஷினில் இருந்து வந்ததாக இருக்கும். ஓட்டை விழுந்திருந்தால் ஆளைத் திட்டும் முன்னால் ஊசி முனையை நகத்தில் தேய்த்துப் பாருங்க. முனை சேதமாகி இருந்தால் கீறும். பனியன் துணிக்கு பால் பாயிண்ட் ஊசி, 9 அல்லது 11-ம் நம்பர்தானா என்பதையும் பார்த்துடுங்க.

7. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மெஷினில் இருக்கும் பீஸ்களை நகர்த்த விடாதீங்க. துண்டுகளை ஒட்டி வைத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கின பிறகே புது ஊசி. குழந்தைகள் உடுப்பில் ஒரு துண்டு போனால் ஆர்டரே போகும்.

8. பையர் இன்ஸ்பெக்‌ஷனில் ஏ.க்யூ.எல். (குறைக்கு ஏற்கும் அளவு) 2.5 என்றால், 2,000 பீஸ் லாட்டில் பொதுவாக 125 எடுத்துப் பார்ப்பார்கள். 7 குறை வரை பாஸ், 8 ஆனால் ஃபெயில். அவர்கள் வருவதற்கு முதல் நாளே வெவ்வேறு பெட்டியில் இருந்து அதேபோல 125 பீஸை நீங்களே எடுத்துப் பார்த்துடுங்க. அப்படியும் ஃபெயில் ஆகிவிட்டதா? எந்தக் குறை எத்தனை என்ற ரிப்போர்ட்டை வாங்கி, அந்தக் குறையை மட்டும் குறி வைத்து லாட் முழுக்கத் திருப்புங்க. எல்லாரும் எல்லாத்தையும் பார்க்கிறேன் என்று இறங்கினால் விடிந்துவிடும், குறையும் அப்படியே இருக்கும்.

9. கெட்ட சேதியைச் சாயங்காலம்வரை பொத்தி வைக்காதீங்க. மணிக்கணக்கு போர்டைப் பார்த்து, காலை 11 மணிக்கே "40 பீஸ் பின்னால இருக்கோம்ங்க" என்று சொன்னால் ஓர் ஆளாவது கிடைக்கும். ஐந்தரை மணிக்கு 200 குறையுது என்று சொன்னால் திட்டுதான் கிடைக்கும்.

10. மேனேஜர் திட்டியதை அதே சூட்டில் லைனில் கொட்டாதீங்க. பாக்கெட் நோட்டில் அவர் சொன்னதில் பீஸைப் பற்றிய பகுதியை மட்டும் எழுதிக்குங்க, மீதியை அங்கேயே விட்டுடுங்க. பத்து வரி திட்டில் பீஸைப் பற்றி ஒரு வரிதான் தேறும்!

11. நேற்றுவரை பக்கத்து மெஷினில் இருந்தவர்களோடு இன்றும் டிபன் பாக்ஸைத் திறந்து சேர்ந்தே சாப்பிடுங்க. ஆனால் லீவும் ஓவர்டைமும் யார் யாருக்கு எப்போ கொடுத்தீங்க என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி ஒட்டிடுங்க. "அவளுக்கு மட்டும்" என்ற பேச்சுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

12. உங்களுக்கு முன்பே வேலைக்கு வந்த அக்காக்களிடம் உத்தரவாகச் சொல்லாமல், "அக்கா, இதை எப்படிப் போட்டா சீக்கிரம் முடியும்?" என்று கேளுங்க. தைக்கிற வழியும் கிடைக்கும், அவர்கள் மனத்தாங்கலும் பாதி குறையும்.

13. ஒடிசா, பீகாரில் இருந்து வந்தவர்களுக்குச் சத்தம் போட்டு விளக்குவதில் பயனில்லை. சரியான பீஸில் பச்சை நூல், தப்பான பீஸில் சிவப்பு நூல் கட்டி மெஷின் பக்கத்தில் தொங்க விடுங்க. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லியே கூப்பிடுங்க.

14. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம், சலுகை இல்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். உங்கள் கம்பெனியில் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே தெரிந்து வைங்க. லைனில் ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால் முதலில் உங்களிடம்தான் வருவாள்.

15. கடைசியாக, சம்பளம். பீஸ் ரேட்டில் கை வேகமான டெய்லர் ஒரு மாதத்தில் சம்பாதிப்பதைவிட, புது சூப்பர்வைசரின் மாதச் சம்பளம் குறைவாகவும் இருக்கலாம். கடந்த மூன்று மாதம் நீங்கள் வாங்கிய கூலியைக் கூட்டிப் பாருங்க. புதுச் சம்பளத்தோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொடருமா என்பதையும் பொறுப்பை ஏற்கும் முன்பே கூச்சப்படாமல் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்குங்க.