பணம் வாங்க ‘பின் நம்பர்’ எதற்கு?



2016-இல் அறிமுகமான யுபிஐ, இன்று ஒலிமுகமதுபேட்டை டீக்கடையிலும் உண்டு, காந்தி சாலை பட்டுக்கடையிலும் உண்டு. நாமும் உதவித்தொகையை வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறோம். இதை அறிந்த ஒருவன், நம்மிடம் உதவி பெறும் ஒரு சகோதரியைப் போனில் அழைத்திருக்கிறான். “கல்வி உதவி வந்திருக்கிறது, இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்” என்றானாம். அவரும் போட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த பணம் போய்விட்டது. வெட்கத்தால் மூன்று நாள் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

ஒன்றை மனதில் பதியுங்கள். பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் பின் நம்பர் வேண்டும். பணம் நம் கணக்குக்கு வர அது தேவையே இல்லை. நம் அறக்கட்டளை யாரிடமும் பின் நம்பரோ ஓடிபியோ கேட்பதில்லை.

தவறிப் பணம் போய்விட்டால் மறைக்காதீர்கள். உடனே 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். விரைந்து சொன்னால், மோசடிக்காரன் எடுப்பதற்குள் பணத்தை முடக்க வாய்ப்புண்டு.

ஏமாற்றியவன் செய்ததுதான் பாவம்; ஏமாந்தவர் தலைகுனிய வேண்டியதில்லை. பிள்ளைகளே, இதை இன்றே வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் ஹலாலான சம்பாத்தியத்தையும் பாதுகாப்பானாக.