லென்ஸ் வாங்கும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை 1: கேமராவோடு வரும் கிட் லென்ஸ் உதவாது, முதலில் நீளமான ஜூம் வாங்க வேண்டும்.

உண்மை: புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்கியவர்கள் அதிகம் சொல்லும் குறை, வீட்டுக்குள்ளும் கல்யாண மண்டபத்திலும் எடுக்கும் படங்கள் கலங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் வருகின்றன என்பதே. வெளிச்சப் பற்றாக்குறையால் வரும் இந்தக் கோளாறை ஜூம் தீர்க்காது. 18-55 மி.மீ. கிட் லென்ஸை 55க்குத் திருப்பினால் அபெர்ச்சர் எஃப் 5.6 வரைதான் திறக்கும். விலை குறைந்த 70-300 மி.மீ. ஜூமும் 300இல் அதைவிட அதிகமாகத் திறப்பதில்லை. போதாததற்கு, கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க ஷட்டர் வேகத்தையும் வெகுவாகக் கூட்டவேண்டும். எஃப் 1.8 உள்ள 50 மி.மீ. பிரைம் லென்ஸோ (ஜூம் இல்லாத லென்ஸ்) எஃப் 5.6ஐப் போல ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஐஎஸ்ஓவை மாற்றாமலே 1/20 நொடியில் எடுத்த படத்தை 1/200 நொடிக்கு அருகில் எடுத்துவிடலாம். ‘ஜூமில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே’ என்று கேட்கலாம். அது நம் கையின் நடுக்கத்தை அடக்கும். ஓடுகிற குழந்தையின் அசைவை அடக்காது.

அப்படியானால் எல்லோரும் 50 மி.மீ. வாங்கிவிடலாமா? கூடாது. தொடக்கநிலை கேமராக்களின் சென்சார் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ், முழு அளவு சென்சாரில் 75 முதல் 80 மி.மீ. காட்டும் குறுகிய பரப்பையே காட்டும். ஒருவர் முகத்தை எடுக்க அது அருமை. சிறிய அறையில் குடும்பம் முழுவதையும் அடக்க முடியாது. எது பொருந்தும் என்று சொல்லித்தருவது நாம் ஒதுக்கும் அதே கிட் லென்ஸ்தான். ஒவ்வொரு படமும் எத்தனை மி.மீ.இல் எடுக்கப்பட்டது என்பது அந்தப் படத்தின் விவரங்களிலேயே பதிவாகியிருக்கும். பெரும்பாலான படங்கள் 35ஐ ஒட்டியிருந்தால் 35 மி.மீ. பிரைம் வாங்கலாம். 55 போதாமல் பறவைகள் கடுகளவாகவே விழுகின்றன என்றால் நீளமான ஜூம் வாங்குவது நியாயமே.

நம்பிக்கை 2: கேமராவில் மாட்ட முடிந்தால் லென்ஸ் முழுதாக வேலை செய்யும்.

உண்மை: நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றின் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை அவற்றில் மாட்டலாம், படமும் எடுக்கலாம். ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வதற்கு முன் இந்த எழுத்துகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 3: யூவி ஃபில்டர் இல்லாமல் கேமராவை வெளியே எடுக்கக்கூடாது.

உண்மை: ஃபிலிம் புற ஊதாக் கதிரை உணர்ந்தது, அதனால் அன்று ஃபில்டர் தேவைப்பட்டது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி அடுக்கே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பூச்சில்லாத மலிவான ஃபில்டரின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். இரவில் தெருவிளக்கை எடுத்தால், படத்தில் இன்னொரு மூலையில் அதன் பேய் பிம்பம் விழுவது இதனால்தான். லென்ஸுக்குப் பாதுகாப்பு என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. உப்புக்காற்றும் மணலும் அடிக்கும் கடற்கரையில் நல்ல பூச்சுள்ள ஃபில்டர் அவசியம்தான். மற்ற இடங்களில் லென்ஸ் ஹூட் மோதலையும் தாங்கும், பக்கவாட்டு ஒளியையும் மறைக்கும். ஈரப்பதம் மிகுந்த நம் ஊர்களில் லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்குவதற்கே முதலிடம் தர வேண்டும்.

அடுத்த பொருளை வாங்கும் முன், கடைசியாக எடுத்த நூறு படங்களைத் திறந்து பாருங்கள். கெட்டுப்போனவை ஏன் கெட்டன என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். எந்தக் காரணம் அதிகம் வருகிறதோ, அதைத் தீர்க்கும் பொருளுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.