ஊரில் சரியாக இருந்த கணக்கு

சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி, ஹோம்புஷ்; மெல்பர்னில் டான்டினாங், கிளென் வேவர்லி. எந்தப் பக்கம் போனாலும் பிறந்தநாள் விருந்தில் தட்டோடு நாலு தமிழர் சேர்ந்து நின்றால் பேச்சு வீட்டு விலையில் தொடங்கி வட்டி வீதத்துக்கு வந்துவிடும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். இவர்களில் பெரும்பாலோர் பணத்தைப் பற்றிய பாடத்தை இந்தியாவிலோ இலங்கையிலோ படித்து முடித்துவிட்டு விமானம் ஏறியவர்கள். அந்தப் பாடத்தில் எது இங்கே செல்லும், எது செல்லாது என்பதைத்தான் இந்த முறை பார்க்கப்போகிறோம்.

“படித்தவர்களுக்குப் பண அறிவு தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?”

2014-இல் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வட்டி, கூட்டு வட்டி, பணவீக்கம், முதலீட்டைப் பிரித்துப் போடுவது ஆகிய நான்கில் குறைந்தது மூன்று புரிந்தவர்கள் ஆஸ்திரேலியாவில் 64 சதவீதம், இலங்கையில் 35, இந்தியாவில் 24. இந்த எண்களைக் காட்டி நம் ஊர்க்காரர்களுக்குப் பணம் தெரியாது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. ரூபாயாக வங்கியில் வைத்திருந்தவருக்குக் காசின் மதிப்பில் பெரும் பங்கு கண்ணெதிரே கரைந்தது. காப்பும் சங்கிலியுமாக வைத்திருந்தவர் தப்பினார். கூட்டு வட்டிக் கேள்விக்கு விடை தெரியாத அம்மா ஒருவர், தங்கம் வாங்கி வைத்ததால் அந்த ஆண்டு பொருளாதாரப் பட்டதாரியைவிடச் சரியாக நடந்திருப்பார். அது அறியாமை இல்லை. அந்த மண்ணுக்குப் பொருத்தமான அறிவு. சிக்கல் என்னவென்றால், அந்த அறிவு அப்படியே பெட்டியில் வந்துவிட்டது. அதைச் சரியாக்கிய சூழ்நிலை வரவில்லை. இங்கே நகையை விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் போய்விடும். திருடுபோனால் வீட்டுப் பொருள் காப்புறுதியில் பெரும்பாலும் ஒரு நகைக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கும். எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறோம்?

“சீட்டு நம்ம ஆள் பிடிக்கிறார், பயமில்லை.”

சீட்டை ஏளனம் செய்கிற கணக்காளர்களோடு நான் சேரமாட்டேன். மாதம் பிறந்தால் கட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பலரைச் சேமிக்க வைத்திருக்கிறது. வந்த புதிதில் வங்கி முகம் கொடுக்காத காலத்தில் காருக்கும் வீட்டு வாடகை முன்பணத்துக்கும் கைகொடுத்தது சீட்டுதான். ஆனால் அதன் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இருபது பேர், மாதம் ஆயிரம் டாலர், இருபது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அவசரக்காரர் ஒருவர் 4,000 டாலர் கழிவு விட்டு 16,000-ஐ எடுக்கிறார். சீட்டு பிடிப்பவரின் பங்கை விட்டுவிட்டால், அந்த 4,000 ஆளுக்கு 200 டாலராகப் பிரிகிறது. முதலில் எடுத்தவர் கடன்காரர். இது எல்லாருக்கும் தெரியும். கடைசிவரை எடுக்காதவர் யார்? அவர் தன்னைச் சேமிப்பவர் என்று நினைக்கிறார். உண்மையில் அவர், எடுத்துவிட்ட பத்தொன்பது பேருக்கும் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர். அவர்களில் இரண்டு பேர் வேலை போய், வேறு மாநிலத்துக்கு இடம்மாறி, போனை எடுக்காமல் விட்டால் நட்டம் அவர் தலையில்தான் விடியும்.

தமிழ்நாட்டில் பதிவுபெற்ற சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உண்டு. நடத்துகிறவர் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், சீட்டுத் தொகைக்குப் பிணை வைக்க வேண்டும். அவர் எடுக்கும் கமிஷனுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீத உச்சவரம்பு. சிட்னி வீட்டு வரவேற்பறையில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடக்கும் சீட்டுக்கு அப்படியொரு பதிவாளர் இல்லை. இங்கே வங்கி விழுந்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 2,50,000 டாலர் வரை அரசு உத்தரவாதம் இருக்கிறது. சீட்டு நொடித்துப்போனால் நோட்டுப் புத்தகம்தான் மிஞ்சும். சேரத்தான் வேண்டுமென்றால், போனாலும் குடும்பம் ஆட்டம் காணாத தொகைக்கு மட்டும் சேருங்கள்.

“என்.ஆர்.இ. வட்டிக்கு வரியே கிடையாது.”

இந்தியத் தமிழர்களிடையே மிகவும் வேரூன்றிய நம்பிக்கை இது. பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு ஆழம். என்.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் வாழும் இந்தியர் அங்கே ஈட்டிய பணத்தை இந்தியாவில் போட்டுவைக்கும் கணக்கு. அந்த வைப்புத்தொகையின் வட்டிக்கு வரி இல்லை என்று சொல்வது இந்தியச் சட்டம். அது ஆஸ்திரேலிய வரித்துறையைக் கட்டுப்படுத்தாது. வரிக்கணக்கில் நீங்கள் ஆஸ்திரேலியவாசி என்றால், உலகத்தில் எந்த மூலையில் வந்த வருமானமும் இங்கே காட்டப்பட வேண்டும். சென்னைக் கிளையில் வந்த வட்டி, கோயம்புத்தூர் வீட்டு வாடகை, எல்லாமும்தான்.

தற்காலிக விசாவில் இருப்பவர்களில் பலருக்கு வெளிநாட்டு வட்டியைக் காட்டத் தேவையில்லை என்ற விலக்கு உண்டு. துணைவர் நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ இருந்தால் அந்த விலக்கு கிடைக்காது. சிக்கல் தொடங்குவது நிரந்தர வதிவுரிமை கிடைத்த நாளில். கேக் வெட்டுகிறோம், கோயிலுக்குப் போகிறோம்; அன்றே விலக்கு முடிந்துபோனதை யாரும் சொல்வதில்லை. இந்தியாவில் வரும் வருமானத்தைப் போடும் என்.ஆர்.ஓ. கணக்கில் இந்தியா வரி பிடித்திருந்தால், இரு நாட்டு ஒப்பந்தம் அனுமதிக்கும் 15 சதவீதம் வரை இங்கே கழித்துக்கொள்ளலாம். என்.ஆர்.இ.-யில் அங்கே வரியே பிடிக்கவில்லை, ஆகவே கழிக்க ஒன்றுமில்லை. முழுதும் இங்கே கட்ட வேண்டியதுதான். இன்னொரு சின்ன விஷயம்: இந்திய வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை. இங்கே வரியாண்டு ஜூலை முதல் ஜூன் வரை. மாதவாரியாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பவர்களுக்கு: வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியா 2017 முதலும் ஆஸ்திரேலியா 2018 முதலும் இருக்கின்றன. அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாமே பழைய கணக்கைத் திருத்தித் தந்தால் அபராதம் குறையும்.

“பத்தாயிரத்துக்குக் கீழே அனுப்பினால் யாரும் பார்க்கமாட்டார்கள்.”

பத்தாயிரம் டாலர் என்ற எல்லை ரொக்கப் பணத்துக்கு உரியது. வெளிநாட்டுக்கு வங்கி வழியாகவோ பணம் அனுப்பும் நிறுவனம் வழியாகவோ போகும் தொகை ஐம்பது டாலராக இருந்தாலும் ஆஸ்ட்ராக் என்ற அரசு அமைப்புக்கு அறிக்கை போகிறது. அதனால் உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை; அம்மாவுக்கு மருந்துச் செலவுக்கு அனுப்புவது குற்றமா என்ன? குற்றமாவது வேறொன்று. அறிக்கையிலிருந்து தப்புவதற்காகவே 18,000 டாலர் ரொக்கத்தை இரண்டாக உடைத்து இரண்டு நாளில் கட்டுவது, அந்தப் பணம் நேர்மையாக உழைத்த பணமாக இருந்தாலும், குற்றம். ஈழத்தமிழரிடையே நெடுநாள் பழகிய, வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் உண்டியலுக்கும் இந்த அறிக்கை விதி பொருந்தும். போர்க்காலத்தில் வங்கி போய்ச் சேராத ஊர்களுக்குப் பணம் சேர்த்தவர்கள் உண்டியல்காரர்கள்தான், மறுக்கவில்லை. இன்று ஆஸ்ட்ராக்கில் பதியாமல் அந்தத் தொழிலைச் செய்வது சட்டவிரோதம், பணம் நடுவழியில் நின்றால் கேட்க நாதியில்லை.

“கட்டணமே இல்லை” என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். கட்டணத்தை நாணய மாற்று வீதத்தில் ஒளித்து வைக்கலாம். ஆயிரம் டாலர் கொடுத்தால் அங்கே எத்தனை ரூபாய் கையில் விழும் என்று மட்டும் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள்.

“வீட்டுக் கடனுக்கு இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறோம், வேலை போனாலும் பார்த்துக்கொள்ளும்.”

பார்த்துக்கொள்ளாது. முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும்போது நாம் கட்டும் அந்தக் காப்புறுதி பாதுகாப்பது கடன் கொடுத்தவரை. வீடு ஏலம் போய் வங்கிக்கு நட்டம் வந்தால் காப்புறுதி நிறுவனம் வங்கிக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் கேட்டு வரலாம். முதல் வீடு வாங்குகிறவர்கள் 5 சதவீத முன்பணத்தோடு, இந்தக் காப்புறுதி இல்லாமலே வாங்க அரசுத் திட்டம் இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் அதற்கு வருமான வரம்பு இல்லை. வீட்டு விலை வரம்பு சிட்னியில் 15 லட்சம் டாலர், மெல்பர்னில் ஒன்பதரை லட்சம். முன்பணம் குறைந்தால் கடன் கூடும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

“உயில் எழுதியாச்சு. சூப்பர் அதிலே வந்துவிடும்.”

வராது. 1992-இல் கட்டாயமாக்கப்பட்டு, 2025 ஜூலை முதல் சம்பளத்தில் 12 சதவீதமாக முதலாளி கட்டிவரும் இந்த ஓய்வூதியச் சேமிப்பைச் சூப்பர் நிதியின் அறங்காவலர்கள் வைத்திருக்கிறார்கள். யாருக்குப் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் நியமனப் படிவம் கொடுக்காவிட்டால் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பல நிதிகளில் அந்தப் படிவம் மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும்.

இதில் நம்மவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று. பிளாக்டவுனில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத பிள்ளை, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணன் பெயரை எழுதிக் கொடுக்கிறது. அது செல்லாது. துணைவர், பிள்ளைகள், பொருளாதாரத்தில் உங்களையே நம்பி இருப்பவர், நெருங்கிய பரஸ்பர ஆதரவில் உங்களோடு வாழ்பவர், இல்லையென்றால் உங்கள் சொத்தை நிர்வகிக்கும் சட்டப் பிரதிநிதி, இவர்களைத்தான் நியமிக்கலாம். மாதா மாதம் பணம் அனுப்பி அதில்தான் அம்மா வாழ்கிறார் என்றால் அம்மாவைக் காட்ட வழியுண்டு. அனுப்பிய ரசீதுகள் வேண்டும். அண்ணனுக்குப் போக வேண்டுமென்றால் சட்டப் பிரதிநிதியை நியமித்து, உயிலில் அண்ணன் பெயரை எழுத வேண்டும்.

“வீட்டில் ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும்.”

“காசு விஷயமெல்லாம் அவர்தான்” என்று பெருமையாகச் சொல்லும் பெண்கள் நம்மிடையே நிறைய. அவர்களில் பலர் வேலையில் கோடிக்கணக்கான டாலர் வரவுசெலவைக் கையாள்கிறவர்கள். இருவர் சேர்ந்து கையெழுத்திட்ட கடனில் ஆளுக்குப் பாதி என்ற கணக்கில்லை. ஒருவர் கட்டாவிட்டால் முழுதும் மற்றவர் பொறுப்பு. பணத்தை மறைத்தோ தடுத்தோ துணையை அடக்கி வைப்பதை விக்டோரியாவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப வன்முறை என்றே வகைப்படுத்துகிறது.

“நாலு வகுப்பு எடுத்தால் திருந்திவிடுவார்கள்.”

நல்ல எண்ணத்தில் பிறந்த நம்பிக்கை. ஷான் கோல், தாமஸ் சாம்ப்சன், பிலால் ஜியா மூவரும் இந்தோனேசியாவில், வங்கிக் கணக்கில்லாத குடும்பங்களுக்கு வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது. பள்ளிப் படிப்போ பண அறிவோ குறைவாக இருந்தவர்களிடம் மட்டும் வகுப்பு கொஞ்சம் எடுபட்டது. கணக்குத் திறந்தால் கொடுக்கும் ஊக்கத்தொகையை 3 அமெரிக்க டாலரிலிருந்து 14 டாலராக்கியதும் திறந்தவர்கள் வெகுவாகக் கூடினார்கள். டொமினிக்கன் குடியரசில் சிறு வியாபாரிகளிடம் நடந்த சோதனையோ வேறொன்றைக் காட்டியது: முறையான கணக்கியல் பாடத்தைவிட “கடைக் காசையும் வீட்டுக் காசையும் கலக்காதே” போன்ற எளிய விதிகள் நன்றாக வேலை செய்தன. நியாயமாகச் சொன்னால், 76 சோதனைகளை ஒன்றாகத் திரட்டிய 2022-ஆம் ஆண்டு ஆய்வு வகுப்புகளால் பயன் உண்டு என்றே முடித்தது. ஆனால் எந்த வகுப்பு, எப்போது என்பது முக்கியம். கடன் முகவர் நிதியுதவி செய்து மண்டபத்தில் நடத்தும் இரண்டு மணி நேரக் கருத்தரங்கு என்னைப் பொறுத்தவரை பயன் தரும் வகையில் சேராது. ஜூன் மாதம் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு பக்கத் துண்டுத்தாள் போதும்: ஊர் வட்டியைக் காட்டினீர்களா, சூப்பர் நியமனம் எப்போது முடிகிறது, கடனில் யார் யார் கையெழுத்து? பள்ளி நிர்வாகக் குழுக்கள் இந்த ஆண்டே செய்து பார்க்கலாம்.

கடன் கழுத்தை இறுக்கும் நிலையில் இருப்பவர்கள் அடுத்த சீட்டை எடுத்து முந்தையதை அடைக்காமல், 1800 007 007 என்ற தேசியக் கடன் உதவி எண்ணை அழையுங்கள். ஆலோசனை இலவசம். ஆங்கிலம் சிரமம் என்றால் முதலில் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அவர்களே இணைத்துத் தருவார்கள்.