தோளில் சாக்கு வைத்திருப்பவரே!

கோவையைச் சுற்றியுள்ள மில்களுக்கும் குடோன்களுக்கும் கேமரா மாட்டிக்கொடுப்பது என் தொழில். சுவரேறிக் குதித்தவன் முகம் மறுநாள் ரெக்கார்டிங்கில் பளிச்சென்று தெரியும். ஆனால் போன பொருள் போனதுதான். அதனால் பட்ஜெட் இடித்தால் ஒன்றிரண்டு கேமராவைக் குறைத்தாவது ஆளை அப்போதே எச்சரிக்கும் நெட்வொர்க் ஸ்பீக்கர் வைக்கச் சொல்லி வற்புறுத்துகிறேன்.

ஒரு பஞ்சு குடோனில் அதன் பலனை நேரில் பார்த்தேன். நள்ளிரவு தாண்டிய நேரம். மேற்குச் சுவரில் ஆள் ஏறியதும் கேமரா அலாரம் கொடுத்தது, பதிவுசெய்த எச்சரிக்கை தானாக ஒலித்தது. அவன் திரும்பிப் பார்த்தானே தவிர இறங்கவில்லை. கண்ட்ரோல் ரூமில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் மைக்கை அழுத்தி, “தோள்ல சாக்கு வச்சிருக்கிறவரே, உங்களைத்தான் சொல்றேன், இறங்குங்க” என்றார். சாக்கைப் போட்டுவிட்டு வெளிப்பக்கம் குதித்து ஓடிவிட்டான். இன்ஃப்ராரெட் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும் என்பதால் சட்டை நிறத்தைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். கையில் என்ன இருக்கிறது, எங்கே நிற்கிறான் என்று சொன்னால்தான் உறைக்கும்.

பழைய 100 வோல்ட் ஸ்பீக்கர் லைனில் மாட்டிய ஹார்ன்கள் எல்லாம் சேர்ந்தே கத்தும். ஆம்ப்ளிஃபையர் படுத்தால் மொத்தமும் ஊமை. நெட்வொர்க் ஸ்பீக்கருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஐ.பி. முகவரி இருப்பதால் மேற்குச் சுவர் மட்டும் பேசும். மின்சாரமும் குரலும் ஒரே லேன் கேபிளில் போய்விடும், 100 மீட்டருக்குள் இருந்தால். சில மாடல்கள் உள்ளிருக்கும் மைக்கால் தன்னைத்தானே சோதித்து, பழுதானால் தகவல் அனுப்பும். இதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

வாங்கும் முன், கேமராவோடு சேர்ந்து இயங்க ஆன்விஃப் (ONVIF), இணையவழி அழைப்புக்கு சிப் (SIP) இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். தூரம் இரட்டித்தால் திறந்தவெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். எனவே ஒரு பெரிய ஹார்னைவிடப் பல சிறியவை மேல். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல்தான், ஸ்பீக்கரின் வாயைத் தெருப்பக்கம் திருப்பாதீர்கள். லேன் கேபிளுக்கு மின்சாரம் தரும் நெட்வொர்க் சுவிட்சுக்கு யு.பி.எஸ். கட்டாயம்.

கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள். நெட்வொர்க்குக்குள் நுழைந்துவிட்ட ஒருவன், காவலுக்கு நிற்பவர்களை வேறு பக்கம் போகச் சொல்லி உங்கள் ஸ்பீக்கரிலேயே உத்தரவு போட முடியும்.